வார்டில் பேனா இல்லாத ஆள்

ராணுவ மருத்துவமனையில் ஒரு சிப்பாயின் கட்டில் பக்கம் வருகிறவர்கள் எல்லோர் கையிலும் பேனா இருக்கும். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். சிஸ்டர் சார்ட்டில் எழுதுவார். யூனிட்டிலிருந்து பார்க்க வரும் சுபேதார் சாப், திரும்பிப் போய்ச் சொல்வதற்காகச் சின்ன டைரியில் குறித்துக்கொள்வார். எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவனுடைய மெடிக்கல் கேட்டகரி, லீவு, புரமோஷன், பென்ஷன் என்று எதையாவது தொடும். அது அவனுக்கும் நன்றாகத் தெரியும். எதுவும் எழுதாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரே ராணுவத்து ஆள் சமய ஆசிரியன்தான்.

அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் குருப்பட்டம் பெற்று, பிறகு ராணுவத்துக்குப் போனேன். ஊரில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. ராணுவத்தில் ‘ரிலிஜியஸ் டீச்சர்’ என்பார்கள். பண்டிட், சீக்கிய கிரந்தி, மௌல்வி, பாதிரி, பௌத்த பிக்கு எல்லோருமே நாயப் சுபேதாராக, அதாவது சிப்பாய்களுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே இருக்கிற, ‘சாப்’ என்று கூப்பிடப்படுகிற ஜே.சி.ஓ.வாகச் சேர்கிறோம். அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் சாப்ளின்கள் கமிஷன் பெற்ற அதிகாரிகள். நாங்கள் அப்படி இல்லை. புனேயில் 1985-இல் தொடங்கிய இன்ஸ்டிடியூட் ஆஃப் நேஷனல் இன்டக்ரேஷனில் எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து பயிற்சி பெறுகிறோம். ஆள் எடுக்கும் அறிவிப்பிலேயே எங்கள் வேலை இன்னது என்று போட்டிருக்கும்: இறுதிச் சடங்கு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிப்பது, உடம்பு தேறி வருகிறவர்களோடு ஜெபம் படிப்பது, தண்டனையில் இருக்கும் சிப்பாய்களைச் சந்திப்பது. நோயாளியையும் தண்டனைக்காரனையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பது தற்செயலாக இருக்கலாம். வார்டில் நாலு நாள் இருந்து பார்த்தால் தற்செயல் என்று தோன்றாது.

முதல் சிக்கல் பதவி. ரவுண்ட்ஸில் பெரிய அதிகாரி வந்தால் படுத்திருக்கும் சிப்பாய் எழ முடியாவிட்டாலும் காலைச் சேர்த்து, கையை உடம்போடு ஒட்டி, படுத்தபடியே அட்டென்ஷனில் இருப்பான். நான் அதிகாரி இல்லைதான், ஆனால் நானும் ‘சாப்’. வாசலில் என்னைப் பார்த்ததும் கம்பளிக்குள் கால் நேராவது தெரியும். விறைத்துக் கிடக்கிறவனிடம் மனம்விட்டுப் பேச்சு வாங்க முடியாது. அதனால் ரவுண்ட்ஸ் நேரத்தில் வார்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வார்டு மாஸ்டரும் கொஞ்சம் அசந்திருக்கும் நேரம்தான் என் நேரம். போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நின்றுகொண்டு ஜெபிக்கிற பாதிரியைவிட உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிற பாதிரி ஆயிரம் மடங்கு மேல்.

வார்டுக்குள் நுழைந்ததும் நேராக நோயாளியிடம் போகவும் கூடாது. முதலில் டியூட்டி சிஸ்டர். அவர்களும் ராணுவ அதிகாரிகள்தான். லெப்டினன்ட், கேப்டன் என்று தோளில் நட்சத்திரம் இருக்கும். “இன்னிக்கு யாருக்கு வலி அதிகம், யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டிலிருந்து போன் வந்தது?” இந்த மூன்றும் தெரிந்தால் போதும். வலி ஊசி போட்டுத் தூங்கப் போகிறவனை எழுப்பி பைபிளில் சங்கீதம் வாசிக்கிறவனுக்கு எந்த சிஸ்டரும் மறுபடி வழி விடமாட்டார்.

இனி பேனா விஷயம். ராணுவத்தில் உடல்தகுதியை ‘ஷேப்’ (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் அளக்கிறார்கள். மனநிலை, காது, கை கால், உடம்பின் பொதுநிலை, கண். எல்லாம் ஒன்று என்றால் ஷேப்-ஒன், எங்கே வேண்டுமானாலும் போஸ்டிங் போகலாம். எண் கூடக் கூடக் கேட்டகரி இறங்கும். ஐந்து விழுந்தால் வீட்டுக்கு. கை கால் எழுத்தில் கேட்டகரி இறங்குவதை சிப்பாய்கள் ஒருவிதமாகத் தாங்கிக்கொள்கிறார்கள். காயத்தைக் காட்டலாம், கதை சொல்லலாம். முதல் எழுத்து, மனநிலை, அதில் கை வைத்தால்தான் பயம். ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், கையில் துப்பாக்கி தரமாட்டார்கள், தன் பட்டாலியன் பையன்களே ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று நினைக்கிறான். அதனால் சைக்கியாட்ரி டாக்டர் எது கேட்டாலும் “டீக் ஹை சர், நல்லா தூங்குறேன் சர்.” அதே ஆள் என்னிடம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பூட்ஸ் லேஸ் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பதைச் சொல்லுவான். குடி எப்போது தொடங்கியது என்று சொல்லுவான். லீவில் இருந்தபோது தன் இடத்தில் போன பையன் பெட்டியில் திரும்பியதைச் சொல்லுவான். நான் எழுதமாட்டேன் என்பதால் வருகிற பேச்சு அது.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, இந்த ஊழியத்துக்குப் போகிற யாரும் இதை நன்றாக யோசித்துவிட்டுப் போக வேண்டும். கேட்டதையெல்லாம் மனதில் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. உயிர் சம்பந்தப்பட்டது என்றால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். அதை அவன் சொல்லி முடித்த பிறகு சொன்னால் துரோகம். அதனால் பேச்சு ஆழத்துக்குப் போகும் என்று தெரிந்த உடனே நான் இதைச் சொல்லிவிடுவேன்: “தம்பி, நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தன் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா டாக்டர்கிட்ட பேசுவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் பேசுவேன்.” இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் மூடவில்லை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடுவேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது வெறும் பயம். இருக்கிறது என்று சொன்னவனை அங்கேயே விட்டுவிட்டு நான் டாக்டரைத் தேடிப் போனதில்லை. சிஸ்டரையோ நர்சிங் அசிஸ்டென்ட்டையோ பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இல்லாவிட்டால் அவனையும் கூட்டிக்கொண்டு போவேன்.

யூனிட்டிலிருந்து வருகிற சாப்கள் என்னிடம் துருவுவார்கள். “பாதிரி சாப், என்ன சொல்றான் அவன்?” கெட்ட எண்ணத்தில் கேட்பது இல்லை, அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறது. “ஜெபம் பண்ணினோம் சாப், நல்லாச் சாப்பிடுறான்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. ஒருதரம் வந்துவிட்டால் அந்த வார்டில் நானும் பேனா வைத்த ஆளாகிவிடுவேன்.

பைபிளைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. பனிக்கடி கேஸ்களில்தான் அது எனக்கு உறைத்தது. உயரமான இடங்களில் விரல் உறைந்து போனவர்களுக்கு உடனே வெட்டிவிடமாட்டார்கள். செத்த பகுதி கருத்து உலர்ந்து, உயிருள்ள சதையிலிருந்து பிரியும் கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று டாக்டர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அவ்வளவு நாளும் அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும். நாயக் ஒருவர், தருமபுரிப் பக்கம். இரண்டு கையிலும் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் கரிக்கட்டை. மனைவிமார் நலச் சங்கத்திலிருந்து அம்மாக்கள் வந்து எல்லோருக்கும் பழப் பை கொடுத்துப் போவார்கள். அவருடைய பெட்டிமேல் ஆரஞ்சு சேர்ந்துகொண்டே இருந்தது. நான் வழக்கம்போல உட்கார்ந்து, “ஒரு ஜெபம் பண்ணலாமா தம்பி?” என்றேன். “ஜெபம் அப்புறம் பண்ணலாம் சாப். இதுல ஒண்ணை உரிச்சுக் குடுங்க. நாலு நாளா மணந்துகிட்டே கிடக்கு.” நார் எடுத்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக வாயில் வைத்தேன். மூன்றாவது பழத்தில்தான் பேச ஆரம்பித்தார். சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்ட முடியாதே என்பதுதான் அவர் கவலை. துப்பாக்கி விசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து உரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அரைஞாண் கயிறு ஒன்றால் ஆபரேஷன் நின்று போகப் பார்த்ததும் உண்டு. மதுரைப் பக்கத்துப் பையன், தொடை எலும்பில் கம்பி வைக்க வேண்டும். தியேட்டருக்குக் கொண்டு போகுமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. ரத்தம் நிற்க மின்சாரத்தால் சுடும் கருவியை வைக்கும்போது உலோகம் பட்ட இடம் பொசுங்கக் கூடும். அவன் இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து. நர்சிங் அசிஸ்டென்ட் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான். பையன் கட்டிலோடு புரண்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லி, சம்மதக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். இமாச்சலத்து சிஸ்டருக்குக் கோபம். என்னைக் கூப்பிட்டார்கள். அவன் என்னிடம் சொன்னது ஒரே வரி: “பொணத்துக்குத்தான சாப் அறுப்பாங்க?”

நம்மூரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இமாச்சலத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? இந்தியில் விளக்கினேன். விளங்கிய மாத்திரத்தில் சிஸ்டர் கத்தரிக்கோலை வாங்கி ட்ரேயில் போட்டார். அறுக்க வேண்டாம், அவனே முடிச்சை அவிழ்க்கட்டும் என்றார். அவிழ்த்த கயிற்றைத் தாயத்தோடு ஒரு கவரில் போட்டு, அவன் பெயரும் நம்பரும் எழுதி, மயக்கம் தெளிந்ததும் முதலில் கொடுப்பதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு நான் செய்தது, ஆபரேஷன் பட்டியல் முந்தின நாள் மாலையே வந்துவிடும் அல்லவா, அதைப் பார்த்து, தாயத்து, சிலுவை, சீக்கியரின் கடா என்கிற இரும்பு வளையம், பூணூல் என்று யார் உடம்பில் என்ன இருக்கிறது என்று அன்று மாலையே விசாரித்துவிடுவது. சீக்கியர் தலையில் ஆபரேஷன் என்றால் முடி மழிப்பது பற்றி அவர்களுடைய சமய ஆசிரியர் கியானிஜி, குடும்பத்தோடும் சர்ஜனோடும் சேர்ந்து உட்கார வேண்டும். அது கடைசி நிமிடத்தில் பேசுகிற சமாசாரம் இல்லை. ரம்ஜானில் சர்க்கரை நோயாளி ஒருவர் நோன்பு விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை. மௌல்வி சாப் வந்து, நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனே சலுகை தந்திருக்கிறது என்று சொன்னதும் அன்று மத்தியானமே சாப்பிட்டார்.

விபூதி, தீர்த்தம், கற்பூரம் கொண்டு வருகிற உறவினர்களுக்கும் ஒன்று. ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் கற்பூரமோ ஊதுபத்தியோ மெழுகுவர்த்தியோ கனவிலும் கூடாது. தீக்காயத்தின் மேலும் தையல் மேலும் விபூதி படக் கூடாது. பொட்டலமாகத் தலையணைக்கு அடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டியவனுக்குத் தீர்த்தமோ திருவிருந்தோ, ஒரு சொட்டானாலும் சிஸ்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன், வேண்டாம் என்றால் வேதவசனத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

மதம் மாற்றுகிற பேச்சுக்கே வார்டில் இடமில்லை. வலியில் கிடக்கிறவன் கையில் துண்டுப் பிரசுரம் கொடுப்பதைவிடக் கேவலமான காரியம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்துப் பையன்கள் பலர் “எனக்கும் ஜெபம் பண்ணுங்க ஃபாதர்” என்பார்கள். பண்ணுவேன். சாயங்காலம் பண்டிட்ஜியிடம் பெட் நம்பரைச் சொல்லிவிடுவேன். அவரும் அப்படியே, கிறிஸ்தவப் பையன் யாராவது புதிதாக வந்தால் எனக்கு ஆள் அனுப்புவார். நானில்லாத நாளில் சாகக் கிடந்த ஒரு மலையாளி கிறிஸ்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஜெபமாலையை அவன் விரலிடையே ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டிருந்தது அந்தக் கட்டுக்குடுமிப் பண்டிட்ஜிதான்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19 மெட்ராஸ் பட்டாலியனின் சாவடிமேல் பனிச்சரிவு விழுந்து 10 பேர் புதைந்தார்கள். ஆறு நாளுக்குப் பிறகு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு மீட்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. எங்கள் வார்டிலும் டி.வி. முன்னால் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பையன்கள் சிலர் எல்லா மதத்துக்கும் பொதுவான வழிபாட்டு இடமான சர்வ தர்ம ஸ்தலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன், முன்பு பனிமலையில் இருந்தவன், கேட்டான்: “இவர் பிழைச்சா சாமி காப்பாத்துச்சுன்னு சொல்வீங்க. மத்த 9 பேரு?” பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் ஹனுமந்தப்பாவும் இறந்துபோனார். அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்ல நான் முயலவில்லை. வேத புத்தகத்தில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நோயாளியைவிட அதிகம் தவிப்பது வீட்டார். நிலைமை மோசமானால் டி.ஐ.எல். என்ற பட்டியலில் போடுவார்கள், உயிருக்கு ஆபத்தான நோயாளி என்று அர்த்தம். வீட்டுக்குச் செய்தி போய்விடும். இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிற அம்மாவுக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. கேட் சென்ட்ரியில் இருந்து ஐ.சி.யு. வரை எல்லோரும் புரியாத பாஷையில் பேசுகிறார்கள். இங்கே என் வேலை மொழிபெயர்ப்பு. அதிலும் கவனம் வேண்டும். டாக்டர் “சொல்ல முடியாது, 48 மணி நேரம் பார்க்கணும்” என்றால் அதையே சொல்ல வேண்டும். “கர்த்தர் பார்த்துக்கொள்வார், பிழைச்சிடுவான்” என்று நாமாகச் சேர்த்துச் சொல்லக் கூடாது. அந்த அம்மா அதை டாக்டர் சொன்னதாகத்தான் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லுவார். அவருக்குக் குளிக்க இடம், சோறு, போனுக்கு சார்ஜர், ஊருக்குப் பேச ஒரு ஆள் — இவற்றை ஏற்பாடு செய்த பிறகு ஜெபம் தானாக வரும்.

நெடுநாள் நோயாளிகள் வேறு உலகம். புனேயில் 1944 முதல் இருக்கும் செயற்கைக் கால் மையம், பக்கத்திலேயே கிர்க்கியில் தண்டுவடம் அடிபட்ட படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் — இங்கெல்லாம் பல மாதம், சிலர் வாழ்நாள் முழுக்க. இப்படிப்பட்டவர்களைப் பார்க்க வெளியிலிருந்து பிரசங்கிமார், சாமியார் என்று வருவார்கள். ஒருவர் வீல்சேரில் இருந்த பையன் முழங்காலைத் தொட்டு, விசுவாசித்தால் எழுந்து நடப்பாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்க அவன் தன் கால்விரலை அசைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவனோடு ஜெபிப்பதென்றால் அன்றைக்கு அவனுக்கு வேண்டியதற்கு ஜெபியுங்கள்: படுக்கைப்புண் ஆற, சிறுநீர்த் தொற்று வராமலிருக்க, நாளைக்கு வருகிற மனைவியோடு சண்டை வராமலிருக்க. சிரித்துக்கொண்டே ஆமென் சொல்லுவான்.

கேட்டகரி ஐந்து போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவனை ஊரில் இருக்கிற குருமாரும் பூசாரிமாரும் இமாம்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 15-க்கு மேடையில் ஏற்றிச் சால்வை போடுவதோடு நம் கடமையை முடித்துக்கொள்கிறோம். சால்வை இல்லாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்தாயிற்றா, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கான இ.சி.எச்.எஸ். கார்டு வந்ததா என்று கேளுங்கள். ஊனம் பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்பதை மெடிக்கல் போர்டு எப்படி எழுதியிருக்கிறது என்று காகிதத்தை வாங்கிப் பாருங்கள். ஊன பென்ஷன் அந்த வரியில்தான் தொங்குகிறது. பாதகமாக இருந்தால் அப்பீலுக்கு வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. பென்ஷன் உத்தரவில் மனைவி பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று அன்றைக்கே சரிபாருங்கள். முத்துலெட்சுமி ஓரிடத்தில் லெ, இன்னோரிடத்தில் ல என்று இருந்தால், அவனுடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்) இப்போதே எழுதிப் போடுங்கள். அவன் உயிரோடு இருக்கும்போது அது ஒரு கடிதத்தில் முடிகிற வேலை.